கல்யாண மண்டபத்துக் கிளி பட்டில் உட்கார மறுக்கிறது

கேள்வி: தறிவீட்டுப் பிள்ளை, ஆரணி

எங்கள் வீட்டில் மூன்று குழித்தறிகள் ஓடுகின்றன. நெசவைத் தாத்தாவும் அப்பாவும் பார்த்துக்கொள்ள, புடவையின் புட்டாவும் (உடல் பகுதியில் வரும் சிறு உருவம்) கரையும் வரைந்து, தறிக்கு அந்த வடிவத்தைச் சொல்லும் துளையட்டை அடிக்க அனுப்பும் வேலை ஆறு ஆண்டுகளாக என்னுடையது. சென்ற மாதம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தபோது, கல்யாண மண்டபத்தின் விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கற்கிளிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தேன். அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்து, முகூர்த்தப் புடவைக்கு ஏற்ற கிளிப் புட்டா வேண்டும் என்று கேட்டேன். ஒரே மதியத்தில் 42 வடிவங்கள் வந்துவிட்டன. முன்பெல்லாம் ஒரு புட்டாவைக் கிராஃப் தாளில் ஏற்றி முடிக்கவே எனக்குப் பதினைந்து நாள் ஆகும்.

அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அட்டை அடித்து, முடியப்போகிற பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின்) கடைசி முழத்தில் நெய்து பார்த்தோம். தாத்தா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கிளி நல்லாத்தான் இருக்குது, ஆனா அது எதையும் பாக்கலியேடா" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். என்ன குறை என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. இன்னும் பார், பார்த்துக்கொண்டே இரு என்கிறார். மீதி 41 வடிவங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எதையும் எடுக்கவும் மனம் வரவில்லை, எதையும் தள்ளவும் மனம் வரவில்லை. கடைக்காரரோ ஆவணி முகூர்த்தத்துக்குள் சரக்கு வேண்டும் என்கிறார். வரைய வேண்டிய நாள்கள் இல்லாமலே போய்விட்ட இந்த வேலையில் நான் எங்கே நின்று நிதானிக்க வேண்டும், தாத்தாவின் கண்ணுக்குத் தெரிவது என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பதை இந்தத் தொழிலில் பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய அட்டைக்காரர், ஆரணி

தம்பி, நான் 38 ஆண்டுகள் அட்டை அடித்தவன். உங்கள் தாத்தா சொன்னதை அந்த வேலையின் பக்கத்திலிருந்து என்னால் ஓரளவு விளக்க முடியும்.

கிராஃபில் சதுரமாக இருக்கும் கட்டம் துணியில் சதுரமாக விழாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அங்குலத்துக்குப் பாவு 100 இழை, குறுக்கே ஓடும் ஊடை 80 இழை என்று வைத்துக்கொண்டால், நூறுக்கு நூறு கட்டத்தில் வரைந்த கிளி துணியில் ஓர் அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமுமாக நீண்டு, கொக்கு மாதிரி ஆகிவிடும். இதைக் கணினி நொடியில் சரிசெய்துவிடும். பின்புறத்தில் ஜரிகை எங்கே பிடிப்பில்லாமல் நீளமாக ஓடுகிறது, எங்கே வளையலிலும் மோதிரத்திலும் மாட்டும் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கணக்குகளுக்காக நான் கண் வலிக்க உட்கார்ந்த இரவுகள் உங்களுக்கு மிச்சமானால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் கண் இருக்கிறதே, அது வேறு கதை. சிறிய புட்டாவில் கிளியின் கண்ணுக்குக் கிடைப்பது, ஜரிகை நிரப்பாமல் விடுகிற ஒரே ஒரு கட்டம். அதை ஒரு கட்டம் முன்னே தள்ளினால் கிளி பூவைப் பார்க்கும், பின்னே தள்ளினால் மிரண்டு நிற்கும். தலைக்கு நட்டநடுவில் வைத்தால் எதையும் பார்க்காது. உங்கள் செயலி நடுவில்தான் வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தாளை எடுத்துப் பாருங்கள். அதேபோல் அலகுக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு வரிசை வெறுமையாக இருந்தால் போதும் என்று தாளில் தோன்றும். ஜரிகையோ பருத்துப் பரவுகிற இழை என்பதால், நெய்த பிறகு அந்த இடைவெளி அடைந்துபோய் அலகும் இதழும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வரிசை விட்டால் கிளிக்குப் பூவின் மேல் ஆசையே இல்லாததுபோல் ஆகிவிடும். நான் ஒரு வரிசையே விட்டு, அலகின் நுனியில் மட்டும் ஒரு கட்டத்தைக் குறைப்பேன்.

இந்த முடிவுகளை நான் உட்கார்ந்த இடத்தில் எடுத்ததில்லை. கிராஃபை நடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, சாப்பிட உட்காரும்போதும் முகம் துடைக்கும்போதும் பத்தடி தள்ளியிருந்து பார்ப்பேன். மூன்றாம் நாள்வரை பிடித்திருந்த வால் ஐந்தாம் நாள் கண்ணை உறுத்தத் தொடங்கும். 42 வடிவங்களையும் ஒரே மதியத்தில் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் எதுவும் உறுத்தாது, எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மூன்றை மட்டும் அச்செடுத்துச் சுவரில் மாட்டுங்கள்.

பதில்: ஓவிய ஆசிரியை, வேலூர்

தம்பி, நீங்கள் படமெடுத்த மண்டபத்துக்கு நான் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துப் போகிறேன். 16ஆம் நூற்றாண்டில் அந்த விதானத்தைச் செதுக்கியவர்கள், அதைத் தரையில் நிற்பவர் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கப்போகிறார் என்பதை அறிந்து செதுக்கியவர்கள். கைப்பேசிப் படம் அந்த ஆழத்தைத் தட்டையாக்கிவிடுகிறது; செயலி வேலை செய்தது அந்தத் தட்டையான படத்தின் மேல்தான், கிளியின் மேல் அன்று. ஒரு நாள் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு பென்சிலோடு வாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒரு கிளியை மட்டும் எட்டு முறை வரையுங்கள். எட்டாவது படம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை; கழுத்து எங்கே திரும்புகிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும், அதன்பின் செயலி தந்தவற்றில் எது பொய்க் கழுத்து என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள்.

நிறத்தையும் திரையை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். மயில்கழுத்து நிறம் பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக நீலமும் பச்சையும் கலந்து, துணி அசையும்போதுதான் பிறக்கிறது. திரையில் அது அசையாத ஒரே நிறமாகத் தெரியும்.

பதில்: ஜவுளிக்கடைக்காரர், வாலாஜாபேட்டை

பெரியவர்கள் சொன்னதை மதிக்கிறேன், இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். வடிவத்துக்கான நூல்களைச் சேர்த்து அடை கட்டி, நெசவாளர் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து நூல் தூக்கிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. துளையட்டையைக் கொண்டு தானே நூல் தூக்கும் ஜக்கார்டு பெட்டி வந்து அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. அதை இன்று யாரும் குறை சொல்வதில்லை. முடிவு தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் தறி சும்மா நிற்கிறது, கூலியும் நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பது சில நேரம் பொறுமை, சில நேரம் பயம். நான் பயந்து தள்ளிப்போட்ட கொள்முதல்கள் உண்டு, அதனால் சொல்கிறேன். தம்பி தனக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: பழைய அட்டைக்காரர், ஆரணி

கெடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. எட்டு நாளுக்கு மேல் எந்தக் கிராஃபும் என் சுவரில் தொங்கியதில்லை. ஆனால் முகூர்த்தப் புடவை ஒரு பெண்ணின் பெட்டியில் ஐம்பது ஆண்டு இருக்கும். அத்தனை காலம் ஒருவர் பார்க்கப்போகிற கிளியை நாம் எட்டு நாளாவது பார்க்க வேண்டாமா?

பதில்: தறிவீட்டுப் பிள்ளை, ஆரணி

எல்லோருக்கும் வணக்கம். கண் தலைக்கு நட்டநடுவில்தான் இருந்தது. 39 வடிவங்களை அன்றே அழித்துவிட்டேன். மனம் கேட்கவில்லை, ஆனாலும் அழித்தேன். ஞாயிறன்று கோட்டைக்குப் போய் எட்டுக்குப் பதில் ஐந்து படம்தான் வரைய முடிந்தது, கழுத்து வலித்துவிட்டது. கற்கிளியின் கழுத்து நான் நினைத்ததைவிட அதிகமாக வளைகிறது. சுவரில் மாட்டிய மூன்றில் இரண்டு நான்காம் நாளே உறுத்தின. மூன்றாவதில் கண்ணை ஒரு கட்டம் முன்னே தள்ளி, அலகின் நுனியைக் குறைத்து, கழுத்தைக் கையாலேயே கட்டம் கட்டமாகத் திருத்தினேன். ஆறு நாள் ஆயிற்று.

நேற்று இரவு தாத்தா சாப்பிட உட்கார்ந்தவர் அந்தத் தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "முந்திக்கு என்னா போடப்போற?" என்று மட்டும் கேட்டார். நாளை அட்டைக்குக் கொடுக்கிறேன்.