பழைய லாப்டாப்பில் பேட்டரி அதிக நேரம் நிற்க என்ன செய்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

2020 நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காகப் பழையதாக வாங்கிய லாப்டாப் எங்களுடையது. இப்போது மகள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) படிக்க அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள். சார்ஜரை உருவினால் ஒன்றரை மணி நேரம்தான். வெளிச்சத்தைக் குறை, புளூடூத்தை அடை, விண்டோசைப் புதிதாகப் போடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு முதலில் பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

விண்டோசில் கட்டளை தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) தட்டினால் ஓர் அறிக்கை வரும். புதிதில் பேட்டரி எவ்வளவு கொண்டது, இப்போது நிறைய ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது, இரண்டும் அதில் இருக்கும். எங்களுடையது புதிதில் 48,000 மில்லிவாட் மணி, அதாவது 48 வாட் மணி. மிஞ்சியது 27,000 சொச்சம். போனது போனதுதான், எந்த செட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. ஆனால் 27 வாட் மணியை லாப்டாப் 18 வாட் வேகத்தில் குடித்தால் ஒன்றரை மணி நேரம், 9 வாட்டில் குடித்தால் 3 மணி நேரம். அப்புறம் குடிப்பது யார் என்று தேடினேன். ஓடும் செயலிகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் மின்செலவு காட்டும் பத்தியே இருக்கிறது. பிரவுசரில் திறந்தே கிடந்த டேப்களும், கோப்புகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டு பின்னால் ஓயாமல் ஓடிய கிளவுட் சிங்க்கும்தான் பெரிய வாய்கள். அவற்றை அடக்கி, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கியதும் இரண்டரை மணி நேரத்தை நெருங்கிவிட்டது. காசு செலவே இல்லை.

ஜெலுத்தோங், பினாங்கு

அக்கா, அறிக்கை பார்ப்பதோடு லாப்டாப்பின் உடம்பையும் பாருங்கள். என் தம்பியுடையதில் டச்பேட் அழுந்தவில்லை, மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. கொம்தார் பக்கம் ஒரு கடையில் டச்பேட்டை மாற்றச் சொன்னார்கள். அடுத்த கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார், பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அந்த நிலையில் மிச்சப்படுத்தும் பேச்சே வேண்டாம். சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

லாப்டாப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். எனக்கு வருவதில் பாதிக்கு மேல் நாள் முழுக்க சார்ஜரில் செருகியே கிடந்தவை. லித்தியம் அயன் செல் நிறையும்போது 4.2 வோல்ட் வரை போகும். அந்த உச்சத்திலேயே வைத்து, நம் ஊர்ச் சூட்டையும் சேர்த்தால் சீக்கிரம் மூப்படையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பது இன்னும் மோசம். லெனோவோவில் வான்டேஜ் செயலி, ஏசுஸில் மைஏசுஸ் செயலி, டெல்லில் பயோஸ் (லாப்டாப்பைத் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) என்று பல மாடல்களில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. மேசையில் வைத்தே வேலை செய்பவர்கள் கட்டாயம் அதைப் போடுங்கள். விசிறியில் தூசி அடைந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள்.

லோயாட் கணினிக் கடைவளாகத்தில் புது பேட்டரி வாங்கினால், பழைய பேட்டரியின்மேல் உள்ள பார்ட் நம்பரோடு ஒப்பிடுங்கள். மாட்டியதும் அங்கேயே அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெட்டி பிரிக்காமல் பல வருடம் அலமாரியில் கிடந்த பேட்டரியும் கிழடாகித்தான் இருக்கும். இதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

பட்டர்வொர்த்

அண்ணே, எனக்கு 30 விழுக்காடு காட்டும்போதே பட்டென்று அணைகிறது. அறிக்கையில் கொள்ளளவு நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றணுமா?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அவசரப்படாதீங்க தம்பி. அளவு காட்டும் கணக்கு பிசகியிருக்கலாம். ஒருமுறை 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை ஓட்டி, மறுபடி நிறைய ஏற்றுங்கள். கணக்கு நேராகும், கொள்ளளவு கூடாது. அடிக்கடியும் செய்யாதீங்க, பேட்டரிக்கு நல்லதில்லை. அதற்கப்புறமும் 30-இல் அணைந்தால் உள்ளே ஒரு செல் தளர்ந்திருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும்.