ஹெச்பெட் டைமர்: தாமதம் ரொம்ப நீளமாக வருகிறது, அவசரம்

ஜூரோங்_மாணவன் (இரவு 11:42)
வணக்கம். பாலிடெக்னிக் இறுதி ஆண்டுத் திட்டத்துக்காகச் சொந்தமாக ஒரு சின்ன இயங்குதளம் எழுதுகிறேன். நிரல் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க, ஹெச்பெட் (HPET, கணினிக்குள் நேரத்தை அளக்கும் டைமர்) எண்ணிக்கொண்டே போகும் கவுன்டரைத்தான் படிக்கிறேன். நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று தாமதம் ரொம்ப நீளமாகிவிட்டது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். யாராவது உதவுங்கள்.

காலாங்_அக்கா (11:50)
தம்பி, ரொம்ப நீளம் என்றால் எவ்வளவு? இரண்டு மடங்கா, இருபது மடங்கா? எமுலேட்டரா (மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்), நிஜ மெஷினா? கவுன்டரைப் படிக்கிற இடத்தை அப்படியே இங்கே போடுங்கள்.

தேக்கா_திரு (11:53)
எனக்குத் தெரிந்து இது 32 பிட் கவுன்டர் பிரச்சினைதான். 14.318 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஏறக்குறைய 300 விநாடிக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் காத்திருந்தால் கணக்கு தப்பும். ஹெச்பெட்டின் முதல் ரெஜிஸ்டரில் (தன் விவரத்தை வைத்திருக்கும் இடம்) 13ஆம் பிட்டைப் பாருங்கள். அது 0 என்றால் 32 பிட்தான்.

மூத்த_நிரலர் (நள்ளிரவு 12:04)
இயங்குதளம் எழுத வருகிறவர்கள் முதலில் ஹெச்பெட் ஆவணத்தைப் படிக்கப் பழக வேண்டும். இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எழுதியது, ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதுவும் இல்லாமல், இன்று யார் ஹெச்பெட்டை நம்புகிறார்கள்? அதை ஒருமுறை படிக்கிற நேரத்தில் டிஎஸ்சியை (TSC, சிபியூவுக்குள்ளேயே இருக்கும் கவுன்டர்) பல பத்து முறை படித்துவிடலாம். 2019இல் லினக்ஸே இன்டெலின் காஃபி லேக் சிபியூ உள்ள சில மெஷின்களில் ஹெச்பெட்டை முடக்கியது. ஆழ்ந்த மின்சேமிப்பு நிலையில் அந்தக் கவுன்டர் நின்றுவிடுகிறது.

காலாங்_அக்கா (12:11)
அண்ணே, டிஎஸ்சி வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பல சிபியூக்கள் நேராகச் சொல்வதில்லை. வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும், அந்த வேலைக்கு ஹெச்பெட்டோ பழைய பிஐடியோ (PIT, முதல் பிசி காலத்து டைமர்) வேண்டும். பழைய சிபியூக்களில் மின்சேமிப்புக்காக வேகம் குறைந்தால் டிஎஸ்சியும் கூடவே குறையும். மாணவருக்கு இதையும் சொல்லிவிட்டுப் பரிந்துரைப்பதுதான் நியாயம்.

மூத்த_நிரலர் (12:15)
மாறாத டிஎஸ்சி உண்டா என்று சிபியூஐடியில் (CPUID, சிபியூ தன் வசதிகளைச் சொல்லும் கட்டளை) ஒரு பிட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இது அடிப்படை.

ஜூரோங்_மாணவன் (12:31)
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போனது. நேற்று வரை கியூஎமு (QEMU) எமுலேட்டர், இன்றுதான் அண்ணனின் பழைய லேப்டாப்பில் போட்டேன். 1 விநாடி கேட்டால் 7 விநாடி ஆகிறது, கைபேசி ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். ஒரு டிக்குக்கு 10 நானோ விநாடி என்று நிரலில் எழுதியிருக்கிறேன்.

காலாங்_அக்கா (12:38)
அந்த 10தான் தம்பி! கியூஎமுவின் ஹெச்பெட் 100 மெகாஹெர்ட்ஸ், அதனால் அங்கே சரியாக இருந்தது. நிஜ மெஷின்கள் பலவற்றில் 14.318 மெகாஹெர்ட்ஸ், ஒரு டிக்குக்கு 69.84 நானோ விநாடி. 10ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழு மடங்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

எந்த எண்ணையும் நீங்களாக எழுதாதீர்கள். முதல் ரெஜிஸ்டரின் மேல் 32 பிட்டில் ஒரு டிக்கின் நீளம் ஃபெம்டோ விநாடியில் (நானோ விநாடியில் மில்லியனில் ஒரு பங்கு) இருக்கும். அது 100 நானோ விநாடிக்கு மேல் போகாது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். கேட்ட நானோ விநாடியை ஒரு மில்லியனால் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை டிக் என்று கிடைக்கும். பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள். 32 பிட்டில் 4 மைக்ரோ விநாடியைத் தாண்டினாலே எண் இடம் கொள்ளாமல் வழிந்துவிடும், நான் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

தேக்கா_திரு (12:46)
இந்த 14.318 அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. அங்கே வண்ண சிக்னல் 3.58 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்கு மடங்கு இது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் துடிப்பு தரும் இந்த ஒரே படிகத்தின் வேகத்தை 3ஆல் வகுத்து சிபியூவுக்கு 4.77, 12ஆல் வகுத்து பிஐடிக்கு 1.193 என்று எடுத்தார்கள். சிங்கப்பூரில் நாம் பார்த்ததெல்லாம் பால் (PAL) என்ற வேறு முறை டிவி. ஆனாலும் நம் மேசையில் இருக்கிற பிசிக்குள் அந்த எண்தான் இன்னும் ஓடுகிறது. எனக்கு இது எப்போதும் அதிசயம்தான்.

மூத்த_நிரலர் (12:52)
தலைப்பை விட்டுப் போகிறீர்கள். அவர் டிஎஸ்சிக்கு மாறுவதே நல்லது.

ஜூரோங்_மாணவன் (1:20)
சரியாகிவிட்டது! ரெஜிஸ்டரில் ஒரு டிக்குக்கு 69841279 ஃபெம்டோ விநாடி என்று வந்தது. இப்போது 1 விநாடி கேட்டால் 1 விநாடிதான். ரொம்ப நன்றி அக்கா. காலையில் வகுப்பு இருக்கிறது, தூங்கப் போகிறேன்.

தேக்கா_திரு (1:24)
நல்லது தம்பி. அந்த 13ஆம் பிட் 0வா 1ஆ? வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் அதுவும் தேவைப்படும்.

தேக்கா_திரு (மறுநாள் இரவு 9:10)
தம்பி, பார்த்தீர்களா?