புதுப் பாப் பாட்டுகளில் பழைய பேண்டுகளின் சண்டை ஒளிந்திருக்கும் வரிகள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நீலத்தட்டு (கேள்வி):

என் மகள் அமெரிக்கப் பாடகி லானா டெல் ரேயின் தீவிர ரசிகை. 2019-இல் வந்த 'த கிரேட்டஸ்ட்' பாட்டை அவள் ஓடவிடாத நாளே கிடையாது. அரைகுறையாகக் காதில் விழுந்துகொண்டிருந்த அந்தப் பாட்டில் போன வாரம் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பீச் பாய்ஸ் வழக்கமாகப் போகும் மதுக்கூடத்தை நினைத்து ஏங்குகிறார் லானா. அடுத்த மூச்சிலேயே, கோகோமோவுக்கு முன்னால் டென்னிஸ் கடைசியாக நின்ற இடம் அது என்கிறார். மகளிடம் கேட்டேன். "ஏதோ ஊர்ப் பேர்தானே?" என்றாள்.

அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பச் சண்டையே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். டென்னிஸ் என்றால் டென்னிஸ் வில்சன். பீச் பாய்ஸின் டிரம்மர், வில்சன் சகோதரர்கள் மூவரில் நடுப்பிள்ளை. அலைச்சறுக்கைப் பற்றிப் பாடியே பேர் வாங்கிய அந்த பேண்டில், அலையில் இறங்கிச் சறுக்குவதே வாழ்க்கையாக இருந்தவர் அவர் ஒருவர்தான். 1983 டிசம்பர் 28 அன்று கலிஃபோர்னியாவில் மரினா டெல் ரே படகுத்துறையில் மூழ்கி இறந்தார். வயது 39. அன்று நன்றாகக் குடித்திருந்தார். முன்பு தன் படகு நின்றிருந்த இடத்தில், பல வருடங்களுக்கு முன் தானே தண்ணீரில் வீசிய பொருட்களைத் தேடித் திரும்பத் திரும்பக் குதித்துக்கொண்டிருந்தார்.

'கோகோமோ' பீச் பாய்ஸின் பாட்டு, வந்தது 1988 ஜூலையில். 1966-க்குப் பிறகு அவர்களுக்கு அமெரிக்காவில் முதலிடம் வாங்கிக் கொடுத்த முதல் பாட்டு அதுதான். அதில் டென்னிஸ் இருக்க வழியில்லை. பேண்டின் மூளையாக இருந்த அண்ணன் பிரையனும் அதில் கிடையாது. அதே ஜூலையில் அவருடைய தனி ஆல்பம் வெளிவந்தது. கோகோமோவை எழுதிய நால்வரில் ஒருவர் மைக் லவ், வில்சன்களின் அத்தை மகன். பாட்டெழுதியவர் பட்டியலில் தன் பேரைச் சேர்க்கவில்லை என்று பிரையன் மீது வழக்குப் போட்டு 1994-இல் ஜெயித்தவரும் இவர்தான். 35 பாட்டுகளில் பேர் ஏறியது. நால்வரில் இன்னொருவர் டெர்ரி மெல்ச்சர். 1968-இல் டென்னிஸ் வீட்டில் தங்கியிருந்த, பின்னாளில் கொலைக் கும்பலின் தலைவனாக அறியப்பட்ட சார்ல்ஸ் மேன்சனுக்கு டென்னிஸ் வழியாகவே அறிமுகமானவர். இவ்வளவும் தெரிந்துகொண்டு அந்த வரியைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

இப்படி வேறு எந்தெந்தப் பாட்டுகளில் இருக்கிறது? சும்மா ஒரு பழைய பேண்டின் பேரை உதிர்த்துவிட்டுப் போகும் பாட்டுகள் வேண்டாம். உள்ளே ஒரு பிரிவோ வழக்கோ கோபமோ புதைந்திருக்க வேண்டும். கதை தெரியாதவருக்கு வெறும் வரியாகவும் அது நிற்க வேண்டும்.

பி_சைடு:

நல்ல கேள்வி, சகோ. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டெய்லர் ஸ்விஃப்டின் 'கிளாரா போ' (2024). அதில் ஒரு பெண்ணைப் பார்த்து, நீ எழுபத்தைந்தாம் வருட ஸ்டீவி நிக்ஸ் மாதிரி இருக்கிறாய் என்கிறார்கள். ஏன் எழுபத்தைந்து? ஊரே அறிந்த ஸ்டீவி நிக்ஸ் என்றால் 1977, ஃப்ளீட்வுட் மேக் பேண்டின் 'ரூமர்ஸ்' ஆல்பம். 1975 அதற்கு முந்தைய கட்டம். அவரும் காதலர் லிண்ட்சி பக்கிங்காமும் ஃப்ளீட்வுட் மேக்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தார்கள். இருவரும் பிரியவில்லை. அதே பேண்டின் ஜான் மெக்வீயும் கிறிஸ்டீன் மெக்வீயும் இன்னும் கணவன் மனைவி. புகழ் வாசல்படியில் நிற்கிறது, எதுவும் உடையவில்லை. பின்னால் என்ன நடக்கப்போகிறது என்பது கேட்கிற நமக்குத் தெரியும், பாட்டுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. 'கிளாரா போ' வந்த ஸ்விஃப்ட் ஆல்பத்தின் அச்சுப் பிரதியில் நிக்ஸ் எழுதிய கவிதையே இருக்கிறது என்பதால், விஷயம் தெரியாமல் போட்ட வருடம் என்று நான் நம்பவில்லை.

ரூமர்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'கோ யுவர் ஓன் வே' பாட்டைப் பக்கிங்காம் எழுதியது நிக்ஸைப் பற்றி. அவள் கண்டவனோடு போய் வாழத்தான் ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி வரும். அது பொய், எடுத்துவிடு என்று நிக்ஸ் கேட்டார். பக்கிங்காம் எடுக்கவில்லை. தன்னைத் திட்டும் அந்தப் பாட்டுக்கே நிக்ஸ் பின்குரல் பாடினார், மேடை மேடையாக, வருடக்கணக்கில். பதிலுக்கு அவர் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் அதிகம் என்று ஆல்பத்திலிருந்து தூக்கப்பட்டு, எந்தப் பாட்டுக்குப் பதிலோ அதே இசைத்தட்டின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்தது! 1997-இல் 'த டான்ஸ்' நிகழ்ச்சியில் நிக்ஸ் அதைப் பக்கிங்காமின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடும் காட்சியை ஒருமுறை பாருங்கள். கடைசிப் பகுதியில் அவர் பார்வையைத் திருப்புவதே இல்லை. பிரிந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது அப்போது.

சண்டை இல்லாத சாடையும் உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1976-இல் ஸ்டீலி டேன் ஒரு பாட்டில், அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், ஈகிள்ஸ் பாட்டைச் சத்தமாக வை என்று எழுதினார்கள். அதே வருடக் கடைசியில் வந்த ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வில் ஒரு மிருகத்தைக் குத்தும் கத்திகளுக்கு 'ஸ்டீலி' என்ற அடைமொழி. பதில் வணக்கம் அது. இரண்டு பேண்டுக்கும் மேலாளர் ஒருவரே, இர்விங் ஏசாஃப். அதனால் பழைய பேர் ஒன்று வரிக்குள் வந்ததுமே பகை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நாலாம்_ஃப்ரெட்:

கிட் ராக்கின் 'ஆல் சம்மர் லாங்' (2008) தெரியும்தானே? ஏரிக்கரை, கோடை, முதல் காதல் என்று ஓடும் பாட்டு. அதில் லினர்ட் ஸ்கினர்டின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வை இசையிலும் வரியிலும் எடுத்திருக்கிறார். கூடவே வாரன் ஸீவனின் 'வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்' பியானோவும் கலந்திருக்கும். கேட்க ஜாலியாக இருக்கும். கதையோ வேறு.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனவெறியைக் கண்டித்துப் பாடகர் நீல் யங் 1970-இலும் 1972-இலும் இரண்டு பாட்டு போட்டார். 1974-இல் ஸ்கினர்ட் அவர் பேரை நேராகவே சொல்லி, தென்பகுதிக்காரனுக்கு உன் தயவு தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்ததுதான் ஸ்வீட் ஹோம் அலபாமா. எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை என்பது தனிக் கதை. ஆனால் ஸ்கினர்டின் பாடகர் ரானி வான் ஸான்ட் நீல் யங்கின் ரசிகர். 1977 அக்டோபர் 17 அன்று வந்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' அட்டையில் நீல் யங் படம் போட்ட பனியனோடு நிற்கிறார். மூன்றே நாளில், அக்டோபர் 20 அன்று, விமான விபத்தில் போய்விட்டார். தன் 'அலபாமா' பாட்டுக்கு அந்த அடி கிடைத்தது நியாயம்தான் என்று நீல் யங் பின்னாளில் தன் நூலில் எழுதினார்.

இப்போது ஸீவனுக்கு வாருங்கள். 1980-இல் அவர் எழுதிய ஒரு பாட்டில், நொடிந்துபோன ஒரு தென்பகுதிக் குடும்பம் செத்த பேண்டின் பாட்டு என்று ஸ்வீட் ஹோம் அலபாமாவை இரவெல்லாம் ஓடவிடுகிறது. கசப்பின் உச்சம். அவர் 2003-இல் இறந்தார். ஐந்து வருடம் கழித்து, அவருடைய பியானோவும் அவர் சாடிய பாட்டும் ஒரே கோடைப் பாட்டில் தோளில் கைபோட்டு நிற்கின்றன. எழுதியவர் பட்டியலில் ஸீவன் பேரும் ஸ்கினர்ட்காரர்கள் பேரும் அடுத்தடுத்து. வேர்வுல்வ்ஸில் பேஸும் டிரம்ஸும் வாசித்தது யார் தெரியுமா? ஜான் மெக்வீயும் மிக் ஃப்ளீட்வுட்டும். பி_சைடு சொன்ன அதே ரூமர்ஸ் ஆட்கள்.

சண்டையைத் தெரிந்தே பாட்டாக்கியவர்கள் வேண்டும் என்றால் டிரைவ்-பை டிரக்கர்ஸின் 'ரானி அண்ட் நீல்' (2001) கேளுங்கள். பாப் கணக்கில் வராது, ஆனால் இருவருக்கும் நியாயம் செய்த பாட்டு.

கேட்டுப்பார்:

கொஞ்சம் நிதானிப்போம், நண்பர்களே. ரசிகர்கள் தலையில் பிறந்த உள்குத்து எது, எழுதியவர் நிஜமாகவே வைத்தது எது என்று பிரிக்காவிட்டால் இந்த விளையாட்டுக்கு எல்லையே இருக்காது. என் அளவுகோல் பீட்டில்ஸ். 1971-இல் பால் மெக்கார்ட்னி 'டூ மெனி பீப்பிள்' பாட்டில் பேர் சொல்லாமல் லெனனைச் சீண்டினார். யாரோ கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இல்லை இது, மெக்கார்ட்னியே பேட்டியில் ஒப்புக்கொண்டது. லெனனுக்கு உடனே புரிந்தது. அதே வருடம் 'ஹவ் டு யூ ஸ்லீப்?' வந்தது. பாலின் பாட்டுத் தலைப்புகளையே வரிக்குள் வைத்து அடித்தார். அதில் ஸ்லைடு கிட்டார் வாசித்தது இன்னொரு பீட்டில்ஸ்காரர், ஜார்ஜ் ஹாரிசன்! மறைத்தவரின் வாக்குமூலமும் அடிபட்டவரின் பதிலும் சேர்ந்து இருப்பதால்தான் சந்தேகத்துக்கு இடமில்லை.

புதியவற்றில் இந்த அளவுக்கு உறுதியாக எனக்குப் படுவது லியம் கேலகரின் 'ஒன் ஆஃப் அஸ்' (2019). நாம் என்றென்றும் வாழ்வோம் என்று நீ சொன்னாயே என்று யாரையோ கேட்கிறார். 'லிவ் ஃபாரெவர்' அண்ணன் நோயல் எழுதி, தம்பி பாடி, 1994-இல் ஒயாஸிஸைத் தூக்கி நிறுத்திய பாட்டு. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடை ஏறும் முன்னால் இருவரும் முட்டிக்கொண்டு பேண்டே உடைந்தது. அந்தப் பாட்டுத் தலைப்பை லியம் வாயில் கேட்டால் யாரைச் சொல்கிறார் என்று ஆராய வேண்டியதில்லை.

'எழுபத்தைந்து' எனக்கு அந்த அளவுக்கு உறுதியாகப் படவில்லை. உலகம் ஸ்டீவி நிக்ஸை அந்த பேண்டில் முதன்முதலாகப் பார்த்த வருடம் என்பதே அதற்குப் போதுமான காரணம். நீலத்தட்டு சொன்ன கோகோமோவிலும் எனக்கு ஒரு சந்தேகம்: ஆங்கிலத்தில் முந்தின வரி 'கோ' என்று முடிகிறது. எதுகைக்காக வந்த சொல்லாகவும் இருக்கலாமே?

நீலத்தட்டு:

எதுகை என்பது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் வரியில் 'முன்னால்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பாட்டில் வரும் கோகோமோ ஃபுளோரிடா பக்கம் இருப்பதாகச் சொல்லப்படும் கற்பனைத் தீவு. படகேறிப் போனாலும் கரை தட்டாது. டென்னிஸ் இறந்தது 1983, பாட்டு வந்தது 1988. அவர் போகாத, போக முடியாத இடத்துக்கு முன்னால் அவருடைய கடைசி நிறுத்தம் என்று எழுத, வெறும் எதுகை தேடுகிறவருக்கு அவசியம் இல்லை. மேலும் பாட்டு முழுவதுமே முடிந்துபோன ஒரு காலத்துக்கான துக்கம். அந்த இடத்தில் பொருந்தி உட்காருகிறது. லானா இதைப் பற்றி ஏதாவது பேட்டியில் சொல்லியிருந்தால் தெரிந்தவர்கள் இங்கே போடுங்கள்.

பி_சைடு, த டான்ஸ் காட்சியை இன்று பார்த்தேன். மகளையும் உட்காரவைத்துக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு அப்புறமும் இருவரும் ஒரே பேண்டில் இருந்தார்களா?" இருந்தார்கள், 2018-இல் பக்கிங்காமை வெளியேற்றும் வரை என்றேன்.

கேட்டுப்பார், பீட்டில்ஸ் என்றதும் இன்னொன்று. லானாவே 2017-இல் 'டுமாரோ நெவர் கேம்' பாட்டை ஷான் ஓனோ லெனனோடு சேர்ந்து பாடியிருக்கிறார். ஷானோடு பாடுகிறேனே, வாழ்க்கை விசித்திரம்தான் என்று வரிக்குள்ளேயே சொல்கிறார். அதே ஷான் 2024-இல் ஜேம்ஸ் மெக்கார்ட்னியோடு சேர்ந்து 'பிரிம்ரோஸ் ஹில்' எழுதினார். அப்பாக்கள் 1971-இல் பாட்டாலேயே அடித்துக்கொண்டவர்கள், பிள்ளைகள் ஒரே பாட்டுக்கு இரண்டு பேர். அந்தப் பாட்டு வரிகளில் அப்பாக்களின் சாடை எங்கேயாவது இருக்கிறதா? நான் கேட்டவரை இல்லை, ஆனால் உங்கள் காதுகள் கூர்மையானவை. அப்புறம், பிங்க் ஃப்ளாய்டைப் பற்றி இன்னும் ஒருவரும் வாயே திறக்கவில்லை. 1994 ஆல்பத்தில், பேண்டை விட்டுப் போன ராஜர் வாட்டர்ஸை நினைத்து எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டுகளைப் பற்றி யாராவது விவரமாக எழுதுங்கள்.