மாணவர் ஸ்டார்ட்அப்: பல்கலைக்கழகம் கைகொடுக்கிறதா, கையெழுத்து வாங்கிக்கொள்கிறதா?

இறுதியாண்டு_மாணவி:
புது நிறுவனம் தொடங்க மாணவர்களுக்கு உதவும் எங்கள் பல்கலைக்கழக இன்குபேஷன் மையத்தில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டுப் போன மாதம் வெளியே வந்தோம். டிரிப்ஸ் பாட்டில் தீரப்போவதை நர்சுக்கு முன்கூட்டியே சொல்லும் சின்னக் கருவி எங்களுடையது. அந்த ஒன்றரை வருடத்தில் ஸ்லைடுகளைப் பதினொரு முறை மாற்றினோம். மருத்துவமனைக்குப் போனது இரண்டே முறை. மையத்தின் கருவிகளைக் கொண்டு செய்த எதுவும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதைக் கடைசியில்தான் கவனித்தோம். முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்! இந்த மையங்களை மூடிவிட்டுப் பணத்தை ஆய்வகங்களுக்குக் கொடுக்கலாம்.

ஆய்வக_ஆசிரியர்:
உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மூடச் சொல்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. தேடலில் வரும் பக்கங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் பேஜ்ரேங்க் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருந்தது. பல்கலைக்கழகம் கூகுளுக்கு உரிமம் கொடுத்துப் பங்குகளைப் பெற்றது, 2005-இல் அவற்றை விற்று 33.6 கோடி டாலர் பார்த்தது. நிறுவனர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். காப்புரிமைச் செலவையும் வக்கீல் வேலையையும் ஒரு மாணவர் தனியாக எப்படிச் சமாளிப்பார்?

பழைய_நிறுவனர்:
ஐயா, பேஜ்ரேங்க் அரசு நிதி பெற்ற ஆராய்ச்சியில் பிறந்தது. அப்படிப்பட்ட கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ள அமெரிக்காவில் 1980-இலேயே பே-டோல் சட்டம் வந்துவிட்டது. இந்த மாணவி சொந்த யோசனையோடு வந்து மையத்தின் சால்டரிங் அயர்னைப் பிடித்தார், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவருக்கே உரிமை என்பது பொதுக் கொள்கை, அதனால் அங்கே ஸ்டார்ட்அப் வற்றிவிடவில்லை. நார்வே 2003-இல் தங்கள் கண்டுபிடிப்புகள் மீது பேராசிரியர்களுக்கு இருந்த முழு உரிமையை எடுத்துப் பெரும்பங்கைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. ஆய்வாளர்கள் தொடங்கும் நிறுவனங்களும் பெறும் காப்புரிமைகளும் ஏறத்தாழ பாதியாகிவிட்டன என்று ஹ்விடே, ஜோன்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்களின் ஆய்வு காட்டியது.

ஆய்வக_ஆசிரியர்:
நார்வே கணக்கு பேராசிரியர்களைப் பற்றியது, மாணவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சொந்த யோசனையோடு வருபவரிடம் அந்த வரியை நீட்டுவது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைக்காரர்:
நான் படித்தவன் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தகடு வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 'உள்ளூர்த் தொழில்களோடு இணைந்து' என்று அவர்கள் பேனரில் போட்டிருக்கிறது, மையத்திலிருந்து ஒருவரும் என் வாசலை மிதித்ததில்லை. பிள்ளைகள் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள். வரைபடத்தில் மூலை கத்தி மாதிரி இருக்கும். அப்படி மடித்தால் தகடு வெளிப்பக்கம் வெடிக்கும், வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கு என்பேன். ஐந்து நிமிட வேலை. இதற்காக ஒரு மாதம் சுற்றியிருப்பார்கள்.

இறுதியாண்டு_மாணவி:
எங்களுக்கும் அதேதான் நடந்தது. இரண்டாவது முறை வார்டுக்குப் போனபோது ஒரு நர்ஸ் கருவியை வாங்கி, பீப் சத்தம் வந்ததும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு இது கத்தினா வார்டே எழுந்துடும்மா. என் மேசையில ஒரு லைட் எரிஞ்சா போதும்" என்றார். மையத்தில் எங்களுக்கு வழிகாட்டிய எந்த மென்டாரும் இதைக் கேட்கவில்லை.

ஆய்வக_ஆசிரியர்:
அதற்குத்தான் மையம் வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கோர் திட்டத்தில், ஏழு வாரத்துக்குள் வாடிக்கையாளர் ஆகக்கூடிய நூறு பேரிடமாவது பேசிவிட்டு வரவேண்டும். கட்டாயப்படுத்தாவிட்டால் பொறியியல் பிள்ளைகள் லேபை விட்டு நகரமாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

பழைய_நிறுவனர்:
நூறு பேரைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? வருகைப்பதிவு, இன்டர்னல், அரியர்... வாட்டர்லூவில் சொந்த ஸ்டார்ட்அப்பில் உழைப்பதையே பயிற்சிப் பருவமாகக் கணக்கில் வைக்க வழி இருக்கிறது. ஒரு செமஸ்டரை விட்டுக்கொடுக்க மனமில்லாத பல்கலைக்கழகம் கண்ணாடிக் கட்டடம் கட்டி என்ன பயன்? இந்த விஷயத்தில் நான் மாணவி பக்கம்தான்.

இறுதியாண்டு_மாணவி:
மூடச் சொன்னது அவசரம் என்று இப்போது படுகிறது. அந்த வரியை நீக்கச் சொல்லி நாளை எழுதிக் கொடுக்கப்போகிறோம். பட்டறை அண்ணா, பாட்டிலைத் தொங்கவிடும் கொக்கியின் மூலை எங்களுக்கும் வெடிக்கிறது. சனிக்கிழமை வரைபடத்தோடு வரட்டுமா?

பட்டறைக்காரர்:
வாம்மா. பாட்டிலையும் கொண்டு வா, முழுசா நிரம்பினதா இருக்கணும். எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.