கார்டு மெஷின் கமிஷன் கட்டுப்படியாகவில்லை, மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சுங்குடி அக்கா:
வணக்கம். விளக்குத்தூண் பக்கம் சின்னதாகச் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். போன நிதியாண்டில் மொத்த விற்பனை 18 லட்சம். ஜிஎஸ்டி பதிவு இல்லை. ஒன்றிரண்டு சேலை எடுப்பவர்கள் க்யூஆரில் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். விசேஷத்துக்கு மொத்தமாக எடுக்க வருபவர்கள்தான் கார்டை நீட்டுகிறார்கள். மெஷின் கொடுத்த வங்கி எந்தக் கார்டானாலும் 1.8 சதவீதம் பிடிக்கிறது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மாத வாடகை தனி. நேற்று ஒருவர் டெபிட் கார்டில் 6,000 ரூபாய்க்கு எடுத்தார். கணக்கில் 127 ரூபாய் 44 காசு குறைத்துத்தான் ஏறியிருக்கிறது. சுங்குடியில் நிற்கிற லாபத்துக்கு இது தாங்காது. மெஷின் வேண்டாம் என்றால் பெரிய வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். என்ன செய்யலாம்?

திருமங்கலம் பாத்திரக்கடை:
அக்கா, கார்டு என்றால் 2 சதவீதம் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சிம்மக்கல் கணக்கர்:
தம்பி, அது வேண்டாம். டெபிட் கார்டு கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது புகார் கொடுத்தால் மெஷின் கொடுத்த வங்கி கடைக்காரரைத்தான் பிடிக்கும்.

அக்கா, எல்லாக் கார்டுக்கும் ஒரே விகிதம் என்கிறீர்களே, கோளாறே அங்கேதான். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் எம்டிஆர், அதாவது இந்தக் கமிஷன், வாங்கவே கூடாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் என்றால் 2018 ஜனவரியில் வந்த உச்சவரம்பு இருக்கிறது. முந்தைய நிதியாண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் மெஷினில் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 லட்சத்தைத் தாண்டிய கடைகளுக்கு 0.90 சதவீதம், உச்சம் 1,000 ரூபாய். உங்கள் 6,000 ரூபாய்க்குக் கமிஷன் 24, ஜிஎஸ்டி 4.32, ஆக 28 ரூபாய் 32 காசுதான். அந்தக் கார்டு ரூபே என்றால் ஒன்றுமே பிடித்திருக்கக் கூடாது.

கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அங்கே பேரம்தான். வேறு இரண்டு வங்கிகளிடம் எழுத்தில் விலை வாங்கி, இப்போதைய வங்கி மேலாளரிடம் காட்டுங்கள். வாடகையையும் சேர்த்தே பேசுங்கள். கமிஷனைக் குறைத்துவிட்டு வாடகையில் ஏற்றிவிடுவார்கள்.

மேலூர் மளிகை:
இன்னொன்றும் பாருங்கள். 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைக்குக் கமிஷன் மேல் ஜிஎஸ்டி கிடையாது. 1,450 ரூபாய்ச் சேலைக்கும் பிடித்திருந்தால் கேளுங்கள். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை, ஒவ்வொரு காசும் கைக்காசு.

சுங்குடி அக்கா:
ரொம்ப நன்றி. மாத ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். கார்டு வகை என்று தனிக் கட்டமே இருக்கிறது. ரூபே டெபிட் என்று எழுதிய வரியிலும் 1.8 போட்டிருக்கிறார்கள்! வங்கியில் கேட்டால், என் கடை பெரிய வணிகர் பிரிவில் பதிவாகியிருக்கிறதாம், அதனால்தானாம். இனிமேல் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். இதுவரை பிடித்தது?

சிம்மக்கல் கணக்கர்:
பெரிய வணிகர் என்றாலும் டெபிட்டுக்கு 0.90தானே, 1.8 எங்கிருந்து வந்தது? ரூபேக்கு எந்தப் பிரிவானாலும் பூஜ்யம்தான். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். வருமான வரிக் கணக்கு நகலை வைத்து, விற்பனை 18 லட்சம் என்று எழுதி, தவறாகப் பிடித்த வரிகளை அடிக்கோடிட்டு, திருப்பித் தரச் சொல்லி மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

திருமங்கலம் பாத்திரக்கடை:
என் ஸ்டேட்மென்ட்டையும் இன்றைக்கே எடுக்கிறேன் சார். அந்த 2 சதவீதத்தையும் நிறுத்திவிடுகிறேன்.