மழை பெய்தால் மட்டும் கார் ஏசி நின்றுவிடுகிறது: எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி
வெயில் நாளில் ஏசி நன்றாகக் குளிர்கிறது. மழையில் அரை மணி நேரம் ஓட்டினால் குளிர்ச்சி போய் வெறும் காற்றுதான் வருகிறது. காற்றின் வேகம் குறையவில்லை, பட்டன் விளக்கும் எரிகிறது. வண்டி காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. கேஸ் நிரப்பியும் பயனில்லை. கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு மின்காந்தத்தால் இணைப்பது) உள்ள பெட்ரோல் வண்டி.

பதில் 1
கேஸ் கசிவு மழை பார்த்து வராது, அந்தச் செலவை இத்தோடு நிறுத்துங்கள். உள்ளே கூலிங் காயிலில் ஐஸ் பிடித்திருந்தால் காற்றின் வேகம் குறைந்திருக்கும், அதுவும் இல்லை. எங்கோ ஒரு கனெக்டரில் தண்ணீர் போகிறது.

குளிர்ச்சி நின்ற நிலையிலேயே பானட்டைத் திறந்து கம்ப்ரசரைப் பாருங்கள். கை, துணி எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போக வேண்டாம். புல்லி சுற்றும்போது அதன் முகப்பில் உள்ள தட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் கிளட்ச் ஒட்டவில்லை. அப்போது கிளட்ச் கனெக்டரில் வோல்ட் பாருங்கள், ஆனால் கழற்றிவிட்டு அல்ல. கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின் (pin) களிம்பேறியிருந்தாலும், கரண்ட் இழுக்காதபோது 12 காட்டும். மாட்டியபடியே பின்பக்கமாக மல்டிமீட்டர் ஊசியைச் செருகி அளக்க வேண்டும். கிளட்ச் காயிலின் மின்தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் இருக்கும். 3, 4 ஆம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பதில் 2
மீட்டரில் வெளி வெப்பநிலை காட்டும் வண்டியா? மழையில் அது மைனஸ் 30 என்று காட்டினால் தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் அந்த சென்சாரில் குளிர் கூடக் கூட ஓம் ஏறும். கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் ஓம் ஏறும். வெளியே உறைபனி என்று நினைத்து இசியு (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி) கம்ப்ரசரை ஓட விடாது.

கேள்வி கேட்டவர்
வெப்பநிலை சரியாகவே காட்டுகிறது. தட்டு சுற்றவில்லை. கனெக்டரைக் கழற்றினால் 12.4, மாட்டினால் 7 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.

பதில் 1
7 வோல்ட்டில் கிளட்ச் ஒட்டாது. மீதி எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. கனெக்டரை மாட்டியபடி, ஏசி போட்ட நிலையில், மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரி மைனஸிலும் மற்றதைக் கம்ப்ரசர் உடம்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கோளாறு. வராவிட்டால் பிளஸ் பக்கம்: ரிலே (கிளட்ச்சுக்குக் கரண்ட் தரும் மின் சுவிட்ச்) கால்கள், அதன் சாக்கெட், கனெக்டர் பின். ஹாரன் ரிலே அதே எண்ணாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டி காய்ந்துவிட்டால் ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வொரு கனெக்டராக நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, வோல்ட் விழுகிறதா என்று பாருங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், நல்லதையும் கெடுத்துவிடும்.

பதில் 3
வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கம்ப்ரசர் பக்கத்துச் சக்கரத்தை ஒட்டிய பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறதா? சர்வீஸில் கழற்றி மாட்டாமல் விட்டிருந்தால் டயர் வாரி அடிக்கும் தண்ணீர் நேராகக் கனெக்டரில் விழும். அதை மாட்டாமல் பின்னை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மழையில் திரும்ப இதே கதைதான்.

களிம்பைக் கான்டாக்ட் கிளீனரால் போக்கி, தளர்ந்த பின்னை இறுக்கி, ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத சிலிகான் கிரீஸ்) லேசாகத் தடவுங்கள். சாதா கிரீஸ் சில வகை ரப்பரை ஊத வைக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஒயர் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.