.22 ரைஃபிள்: பாதியில் குறி சிதறுகிறது, கார்பன் வளையமா சேம்பர் கோளாறா?

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட் பக்கம், துப்பாக்கி சுடும் கிளப்பின் .22 எல்.ஆர். (சிறு தோட்டா வகை) போல்ட் ரைஃபிள். 50 மீட்டரில் முதல் பெட்டி முடியும்வரை அருமையாக அடிக்கிறது. பிறகு ஓட்டைகள் மேலும் கீழுமாக நீள்கின்றன. பக்கவாட்டில் அவ்வளவு இல்லை, அதனால் குண்டின் வேகம்தான் மாறுகிறது என்று படுகிறது.

இது மேட்ச் சேம்பர், அதாவது போட்டிக்காக இறுக்கமாகக் குடைந்த தோட்டா அறை. ஃப்ரீபோர் (ரைஃப்லிங் தொடங்கும் முன் உள்ள வெற்று இடம்) மிகக் குறைவு. போல்ட்டை மூடும்போதே ஈயக்குண்டு ரைஃப்லிங் வரிக்குள் (குழாயின் உள்ளே சுருளாக ஓடும் வரிகள்) ஏறி, குழாயின் நடுக்கோட்டில் பிடிபடும். சாதாரண சேம்பரில் குண்டு சற்றுத் தாவித்தான் வரியைப் பிடிக்கும், சாய்ந்து நுழையவும் கூடும். சென்டர்ஃபயரில் (அடியின் நடுவில் பிரைமர் உள்ள, கையால் நிரப்பக்கூடிய தோட்டா) குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றலாம்; .22இல் ஃபேக்டரி வைத்த நீளம்தான். அதைக் கையால் அழுத்த யாரும் யோசனை சொல்ல வேண்டாம், ஆபத்து.

சுடாத தோட்டாவைக் கழற்றினால் ஈயத்தில் வரித்தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறது. (இப்படிக் கழற்றும்போது குண்டு குழாயிலேயே சிக்கி வெடிமருந்து கொட்டலாம். குழாயைப் பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.)

சேம்பரில் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வாய்க்குச் சற்று முன்னால் கரி படிந்து கார்பன் வளையமாக இறுகியிருக்குமோ? வெறும் துணி இழுத்தால் அது போகாது. கார்பன் சால்வன்ட்டில் ஊறவைத்து வெண்கல பிரஷ் போட வேண்டும். அதற்குப் பிறகும் தடம் ஒருபக்கமாகவே விழுந்தால் சேம்பர் மையம் விலகியது என்று முடிவு கட்டலாமா? பேராக்கில் போர்ஸ்கோப் (குழாய்க்குள் பார்க்கும் கருவி) வைத்திருக்கும், லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்கள்.